மாட்டுப்பட்டியில் விருந்து: முன்பணம் கொடுக்கும் முன்பு

போடிமெட்டு ஏறித் தேனிக்காரர்கள் வருகிறார்கள். சின்னாறு, மறையூர் வழியாக உடுமலைக்காரர்கள் வருகிறார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் 13 கிலோமீட்டர் போனால் மாட்டுப்பட்டி அணை. தேயிலைச் சரிவு, நீர்த்தேக்கம், மாட்டுப்பண்ணை என்று கண்ணுக்கு நிறைவான இடம். படகுச் சவாரிக்கு வருகிறவர்களோடு, அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு வரும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் முதல் பிறந்தநாள், புதுநன்மை, பேத்தியின் சடங்கு என்று உறவுகளைத் திரட்டிக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே வருகிறவர்களும் உண்டு. தேயிலைத் தோட்ட லயத்தில் முப்பது நாற்பது வருடம் குடியிருந்து கொழுந்து பறித்த அம்மா ஓய்வு பெறும் நாளில், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அவரை நல்ல ஓட்டலில் உட்கார வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் கைக்காசு பெரிதாகப் போகிறது.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. விருந்துக்கு அழைத்தவர், பந்தியில் உறவினர் உட்கார்ந்தபின் வாய் திறந்து கணக்குக் கேட்க மாட்டார். சம்பந்தி எதிரே இருக்கும்போது "இந்த 1,200 ரூபாய் எதற்கு?" என்று பில்லைத் திருப்பிக் கேட்கக் கூசும். சோறு சில்லிட்டிருந்தாலும், கறியில் வாடை அடித்தாலும், சபையில் எதற்கு வம்பு என்று விழுங்கிவிடுவோம். நம் பக்கம் சட்டம் இருந்தும் அது பயன்படாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, தனியாக இருக்கும்போது, போனில் கேட்டு முடித்துவிட வேண்டும். கூச்சப்பட அங்கே யாரும் இல்லை.

"சேட்டா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபத்தஞ்சு பேர் வர்றோம். ஒரு இலைக்கு என்ன ரேட்? ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? அஞ்சு பேர் குறைஞ்சா காசு குறையுமா? நாங்க வர முடியலைன்னா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?" இந்த நான்கு கேள்விக்கும் வந்த பதிலை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று அனுப்புங்கள். அவர்கள் "சரி" என்று பதில் போட்டால் அது உங்கள் கையில் உள்ள ஆதாரம். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பினால், பணம் ஓட்டல் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறதா, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா என்று பெயரைப் பார்த்தபின் அனுப்புங்கள். நாமே வராமல் நின்றுவிட்டால் பேசி வைத்த நிபந்தனைதான் பேசும். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தையோ சாப்பாட்டையோ தராமல் போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பணத்தையும் கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம்.

இன்னும் சில கேள்விகள் இந்த மலைக்கே உரியவை. விடுமுறை நாட்களில் மூணாறு–மாட்டுப்பட்டி சாலை வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். ஒரு மணிக்கு என்று சொன்னவர்கள் மூன்று மணிக்குப் போய்ச் சேர்வது சாதாரணம். எத்தனை மணி வரை இடம் வைத்திருப்பார்கள், அதுவரை சமைத்ததை எப்படி வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். சரிவில் கட்டிய கட்டடங்களில் சாப்பாட்டுக் கூடம் சாலையிலிருந்து முப்பது படி கீழே இருக்கலாம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்காக நடத்தும் விருந்தில் பாட்டியால் இறங்க முடியாமல் போனால் அந்த விருந்துக்கு என்ன பொருள்? படிகளையும் கழிப்பறையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உணவகம் முறையானதுதானா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். உணவு விற்கும் எவருக்கும், சாலையோரத் தட்டுக்கடை உட்பட, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி உரிமமோ பதிவோ கட்டாயம். அதன் எண்ணுக்கு 14 இலக்கம். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறுகடைக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். கேரளத்துக்கு 13 என்பதால் மாட்டுப்பட்டிக் கடையின் எண் பொதுவாக 113 அல்லது 213 என்று தொடங்கும். மத்திய உரிமம் பெற்ற பெரிய நிறுவனமாக இருந்தால் 100. எண்ணை வாங்கி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரியில், இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். 2022 ஜனவரி 1 முதல் இந்த எண் பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிற இடத்துக்கு நான் என் குடும்பத்தை அழைத்துப்போக மாட்டேன்.

இனி சாப்பாடு. மலைக்குளிரில் சாதமும் கறியும் கெடாது என்று ஒரு நம்பிக்கை எங்கும் இருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை. நோய்க்கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே. மாட்டுப்பட்டியின் பகல் வெப்பம் நமக்குக் குளிர்; கிருமிக்கு அல்ல. காலையில் வடித்துத் திறந்து வைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி நச்சை உண்டாக்கினால், மத்தியானம் அதை மறுபடி சூடாக்கினாலும் நச்சு அழியாது. அதோடு, ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசியும் இறைச்சியும் வேகக் கீழ்நாட்டைவிட நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கூட்டம் நெருக்கும் நாளில் இருபத்தைந்து பேருக்கான பிரியாணியை அவசரமாக இறக்கினால் எலும்போரம் வேகாமல் நிற்கும். பரிமாறும்போது ஆவி பறக்கிறதா, கோழியின் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு தெரிகிறதா என்று முதல் தட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

கேரளம் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயுற்றனர். ஒரு மாணவி இறந்தார். சோதனையில் ஷிகெல்லா கிருமி தெரியவந்தது. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஓட்டல் உணவு சாப்பிட்ட செவிலியர் ஒருவர் இறந்தார். அந்த மாதமே, பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குக் கேரள அரசு தடை போட்டது. பார்சலில் தயாரித்த நேரமும், எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லோருக்கும் மருத்துவச் சோதனை செய்து வாங்கும் ஹெல்த் கார்டு கட்டாயமானது. மிஞ்சியதை லயத்துக்கோ ஊருக்கோ கட்டிக்கொண்டு போகிறவர்கள் பார்சலில் அந்த நேரச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மலையிறங்கி வீடு சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றால், கட்டாமல் விடுவதே நல்லது.

சோற்றைவிட எனக்குப் பயம் தண்ணீர் மேல்தான். ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு இறக்கிய தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். மேலே குடியிருப்பு இருந்தால் அந்தத் தெளிவுக்கு அர்த்தம் இல்லை. கேரள ஓட்டல்களில் சுக்கோ சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் தருவது நல்ல வழக்கம். ஆனால் அது ஆறுவதற்குப் பொறுக்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலந்தால் கொதிக்க வைத்ததே வீண். இப்படிக் கலக்க வேண்டாம் என்று கேரளச் சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. விருந்துக்கு வந்ததும் கையில் தரும் குளிர்ந்த பானமும், அதில் போடும் ஐஸும் எந்தத் தண்ணீரில் ஆனவை என்று யாரும் கேட்பதில்லை. 2024 டிசம்பரில் எர்ணாகுளம் மாவட்டம் களமசேரியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனவர்கள் பலர் ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். இந்த நோய், கிருமி உள்ளே போன இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் எங்கே சாப்பிட்டோம் என்பதே மறந்திருக்கும், பில்லும் தொலைந்திருக்கும். விருந்து பில்லைக் குறைந்தது இரண்டு மாதம் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

பில்லில் கவனிக்க வேண்டியது முதலில் சர்வீஸ் சார்ஜ். அது வரி அல்ல. அரசுக்குப் போகும் காசும் அல்ல. கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 12,000 ரூபாய் பில்லில் 10 சதவீதம் போட்டால் 1,200 ரூபாய். எடுத்துவிடச் சொல்லுங்கள். பரிமாறிய பையனுக்கு மனமுவந்து கையில் கொடுப்பது வேறு, இது வேறு. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; அறை வாடகை மிக உயர்ந்த பெரிய ஓட்டல்களுக்குள் உள்ள உணவகத்தில் 18 வரை போகும். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள சிறுகடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. தனியாக வாங்கவே கூடாது. தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் நம் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெனுவில் என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்தபின் வாங்குங்கள்.

விருந்தென்றால் மதுவும் உண்டு என்று நினைக்கும் மாமன் மச்சான்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் வயது 23. டாஸ்மாக் பாட்டிலைப் பையில் மறைத்து எல்லை கடத்துவது கேரள அப்காரிச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் விருந்து அங்கேயே முடிந்துவிடும். மது உரிமம் இல்லாத உணவகத்தில் "மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதித்தால் அதை நம்பாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது. 2025 பிப்ரவரி 19-ல் மாட்டுப்பட்டி எக்கோ பாயின்ட் அருகே, நாகர்கோவிலிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்களின் பேருந்து கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். தெளிந்த பகலிலும் மன்னிக்காத வளைவுகள் இவை. இருட்டிவிட்டால் படையப்பா போன்ற கொம்பன் யானைகள் சாலையில் நிற்கும். நான்கு மணிக்குக் கை கழுவிக் கிளம்பும்படி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ன சாதி, இன்ன மதம் என்றோ, வெளி மாநிலத்தில் பிறந்தவர் என்றோ பார்த்து ஒரு உணவகம் இடம் மறுக்க முடியாது. பொது உணவகத்தில் நுழைவதை மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகத் தடுக்கக்கூடாது என்பது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. தேயிலைக் கொழுந்தைச் சுமந்தவர்களின் முதுகில் எழுந்த சுற்றுலா இது. அவர்கள் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது.

சாப்பிட்டபின் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் முதலில் மருத்துவமனை. மூணாறிலோ அடிமாலியிலோ காட்டி, எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நச்சினால் வருவது சில மணி நேரத்திலேயே தெரியும். சால்மோனெல்லா மூன்று நாள் வரை எடுக்கும். ஆகவே அன்று வந்த எல்லோரையும் போனில் விசாரியுங்கள். பலருக்கு ஒரே கோளாறு என்றால் அதுவே வலுவான சாட்சி. மிச்சப் பார்சல் இருந்தால் கொட்டாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125. அன்றைக்கே சொன்னால்தான் சமையலறையில் மாதிரி எடுக்க முடியும். உணவினால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு தர உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பணத் தகராறு, சர்வீஸ் சார்ஜ், திருப்பித் தராத முன்பணம் இவற்றுக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேரளத்தில் நடந்ததற்குக் கேரளத்துக்கு அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அலைச்சலை நீக்கிவிட்டது: புகார்தாரர் குடியிருக்கும் ஊர் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தேனிக்காரர் தேனியிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். காணொலி விசாரணை கேட்கலாம். நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாட்டுப்பட்டியிலேயே குடியிருப்பவர்கள், உணவுப் பாதுகாப்புத் துறைக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.