கச்சேரி முடிந்தது, அடுத்து எங்கே?

சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கத்தில் இசைக் கச்சேரி முடிந்து வெளியே வரும்போது யாருக்கும் குரல் இருக்காது. காதுக்குள் இன்னும் பறை அதிர்ந்துகொண்டிருக்கும். மணி பத்தரையைத் தாண்டியிருக்கும். ஆனால், வீட்டுக்குப் போக மனம் வராது. "அடுத்து எங்கே?" என்று யாராவது கேட்பார்கள்.

எங்கள் நண்பர் குழுவில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நுழைவுச்சீட்டு வாங்குவது, இருக்கை பார்ப்பது, எல்லாரிடமும் பணம் வசூலிப்பது எல்லாம் நான்தான். கடந்த ஆண்டு ஒரு முறை அந்தப் பொறுப்பில் நான் தவறிவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அன்று நாங்கள் ஆறு பேர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐவர், ஒட்டிக்கொண்டு வந்த என் தம்பி. ஐவரில் ஒரு நண்பன் அடுத்த வாரம் தேசிய சேவைக்குச் செல்லவிருந்தான். அவனை வழியனுப்பும் விதமாகத்தான் அந்தக் கச்சேரிக்கே திட்டமிட்டோம்.

முதல் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். கிளார்க் கீ பக்கம் உள்ள ஒரு மதுக்கூடம், அல்லது வேறு எங்காவது. நான்கு பேர் மதுக்கூடத்துக்கு வாக்களித்தோம். இரண்டு பேர் எதுவும் சொல்லவில்லை. படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்திருந்தது. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரிந்த இரண்டு ரயில்கள்

ஸ்டேடியம் நிலையத்தில் வட்டப் பாதை ரயில் ஏறி ஐந்தாவது நிறுத்தமான டோபி காட்டில் இறங்கினோம். அங்கிருந்து வடகிழக்குப் பாதையில் ஒரு திசையில் ஒரு நிறுத்தம் சென்றால் கிளார்க் கீ. எதிர்த்திசையில் ஒரு நிறுத்தம் சென்றால் லிட்டில் இந்தியா.

நடைமேடையில் நின்றபோது, "அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, நான் கிளம்புறேன்" என்றான் நண்பன். தமிழ்ப் பாடல்களை எங்களைவிட நன்றாகப் பாடும் எங்கள் மலாய்த் தோழியும், "எனக்கும் களைப்பா இருக்கு" என்று அவனோடு எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டாள். நாங்கள் கையசைத்தோம்.

வழியனுப்பப்பட வேண்டியவனே இல்லாமல் அவனுக்கு ஒரு வழியனுப்பு விழா! அப்போது அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மதுக்கூட வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். என் தம்பிக்கு வயது 17. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பல மதுக்கூடங்கள் இளையரை உள்ளேயே விடுவதில்லை. "அக்கா, நீங்க போங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்" என்றான். நள்ளிரவு நெருங்கும் வேளையில் தம்பியை ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டு எந்த அக்கா உள்ளே போவாள்?

அருகிலிருந்த கடையில் ஏதாவது வாங்கி ஆற்றோரம் அமரலாம் என்றார் ஒருவர். அதுவும் முடியாது. 2015ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. கடைகளும் அந்த நேரத்தில் எடுத்துச் செல்ல மது விற்கக் கூடாது. மீறி அருந்தினால் 1,000 வெள்ளி வரை அபராதம். கடைசியில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடு கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினோம்.

பன்னிரண்டு வெள்ளி

உண்மை பல வாரங்களுக்குப் பிறகு தெரிந்தது. அடிப்படை ராணுவப் பயிற்சியிலிருந்து விடுப்பில் வந்திருந்த நண்பனைப் பரோட்டாக் கடையில் சந்தித்தேன். தலையை ஒட்ட வெட்டியிருந்தான். பேச்சுவாக்கில், "அன்னைக்கு என் கையில பன்னெண்டு வெள்ளிதான் இருந்துச்சு" என்றான்.

பயிற்சிக்குப் போவதால் பகுதிநேர வேலையை முன்பே விட்டிருக்கிறான். மிச்சமிருந்த பணம் கச்சேரிச் சீட்டுக்குப் போய்விட்டது. 20 வெள்ளி என்று பட்டியலில் போட்டிருக்கும் பானத்துக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்தால் ஏறக்குறைய 24 வெள்ளி ஆகும். ரயிலைத் தவறவிட்டு டாக்சி எடுத்தால், நள்ளிரவுக்குப் பிறகு மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். இந்தக் கணக்கையெல்லாம் அவன் நடைமேடையில் நின்றபடியே போட்டுப் பார்த்திருக்கிறான்.

"சொல்லியிருந்தா நான் கொடுத்திருப்பேனே டா" என்றேன்.

"குழுவுல எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றே மலாய்த் தோழிக்கும் அழைத்தேன். மது பரிமாறும் இடத்தில் அமர அவளுக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால், தன் ஒருத்திக்காக மற்றவர்களின் மகிழ்ச்சி கெட வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான், கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மூன்று கேள்விகள்

வாக்கெடுப்பு என்றால் எல்லாருக்கும் நியாயமான வழி என்று நம்பியிருந்தேன். அதில் பெரும்பான்மை தெரியும். வர முடியாதவர் யார் என்பது தெரியாது. யார் எதற்கு வாக்களித்தார் என்பதை எல்லாரும் பார்க்கவும் முடியும். கூச்சமுள்ளவர் எப்படி வாய் திறப்பார்?

இப்போது இடத்தை முடிவு செய்யும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மூன்று கேள்விகள் கேட்கிறேன். எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்? எதைச் சாப்பிடமாட்டாய், எங்கே உட்காரமாட்டாய்? எவ்வளவு செலவழிக்க முடியும்? காரணம் கேட்பதில்லை. யார் என்ன சொன்னார் என்பதைக் குழுவில் போடுவதும் இல்லை. மிகக் குறைந்த தொகை, மிக முந்தைய நேரம், மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் இடமே எங்கள் இடம்.

சில பாடங்கள் அனுபவத்தில் வந்தன. உணவங்காடி நிலையம் மலிவுதான். ஆனால், பல கடைகள் கச்சேரி முடியும் முன்பே மூடிவிடும். முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கூட்டத்தோடு நிற்கும் பக்கத்துக் கடையைவிட, வீட்டுக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கும் கடை மேல். இசை அலறும் இடமும் வேண்டாம், பேசத்தானே போகிறோம்?

மது அருந்துவதும் அருந்தாததும் வயது வந்தவர்களின் சொந்த முடிவு. குழுவில் அருந்தும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேறொரு நாள் தங்களுக்குள் போகிறார்கள். ஆறு பேர் கூடும் இரவு மட்டும் ஆறு பேருக்குமானது.

எதிர்த்திசை ரயில்

இந்த ஆண்டு மீண்டும் ஒரு சனிக்கிழமை, அதே அரங்கம். நண்பன் முகாமிலிருந்து நேராக வந்திருந்தான். புரட்டாசி மாதம் என்பதால் ஒரு தோழி சைவம். டோபி காட்டில் இறங்கி, இந்த முறை ஆறு பேரும் எதிர்த்திசை ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கினோம்.

ஓர் இந்திய முஸ்லிம் கடையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டோம். தே தாரிக் இரண்டு, தே ஹாலியா ஒன்று, சீனி இல்லாத தே ஓ கோசோங் ஒன்று, பண்டுங் ஒன்று, தம்பிக்கு மைலோ டைனோசார். சைவத் தோழிக்கு வெறும் பரோட்டாவும் பருப்புக் குழம்பும். நண்பன் முகாம் கதைகளைச் சொல்லச் சொல்ல, தம்பி மைலோவை மேசையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தான். மலாய்த் தோழி கச்சேரியில் விடுபட்டுப்போன பாட்டைப் பாடிக் காட்டினாள். பக்கத்து மேசைப் பெரியவர் கைதட்டினார்.

மொத்தம் 27 வெள்ளி 40 காசு. நண்பன்தான் கொடுத்தான். "சம்பளம் வந்துடுச்சு, விடு" என்று என் கையைத் தள்ளிவிட்டான்.

இளைய நண்பர்களே, அடுத்த கச்சேரிக்கு இடம் தேடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அதிக வாக்கு எதற்கு என்று பார்க்கும் முன், பதில் சொல்லாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். முதலில் அவரிடம் பேசுங்கள்.