காய்வதில் இருக்கு சூட்சுமம்!
விருத்தாசலம் பீங்கான் பட்டறை. ஈரப் பொம்மைகள் நிழலில் வரிசையாக நின்றன. "வெயில்ல வெச்சா சட்டுனு காயுமே, அண்ணே?" என்றேன்.

"அவசரப்பட்டா சுருங்கி விரிசல் விட்டுரும் தம்பி. அன்னிக்குக் கூலி அவ்ளோதான்!"

1931-ல் அமெரிக்காவின் கிஸ்ட்லர் முதல் ஏரோஜெல்லைச் செய்தபோதும் இதே தலைவலிதான். கூழிலுள்ள திரவம் ஆவியாகும்போது நுண்ணிய சுவர்களை உள்ளே இழுத்து நசுக்கிவிடும்.

2013-ல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தினர், கார்பன் நானோ குழாய்களையும் கிராபீன் ஆக்சைடையும் நீரில் கலந்து உறைய வைத்தார்கள். பனிக்கட்டியை உருகவிடாமலே ஆவியாக்கினார்கள். திரவம் இல்லை, இழுப்பும் இல்லை! கிடைத்த ஏரோஜெல், ஒரு கன சென்டிமீட்டருக்கு வெறும் 0.16 மில்லிகிராம். அமுக்கினால் அமுங்கும்; விட்டால் நிமிரும்.

அண்ணனிடம் சொன்னேன். விரிசல் விட்ட பொம்மை ஒன்றை ஓரமாக வைத்தபடி சிரித்தார்: "அந்த நிமிர்ற வித்தையை இதுக்கும் சொல்லிக் குடு தம்பி!"