பன்னிரண்டு நொடியில் ஒரு லாரித் தண்ணீர்

மஞ்சளும் சிவப்புமாக ஒரு விமானம் ஏரியை நோக்கித் தாழ இறங்குகிறது. நிற்பதில்லை. நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு பாயும்போதே அதன் அடிவயிற்றில் இரண்டு சின்ன வாய்கள் நீளும். பம்பு ஏதும் கிடையாது. விமானத்தின் வேகமே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். 12 நொடியில் சுமார் 6,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி நிறைய. காட்டுத்தீயை அணைக்கும் கனடாக்காரர்களின் சிஎல்-415 விமானம் இது. அருகில் ஏரியோ கடலோ இருந்தால் ஒரு மணி நேரத்தில் பல நடை அடிக்கும்.

பெரிய விமானம் என்றால் இன்னும் நல்லதுதானே? சுமார் 74,000 லிட்டர் சுமந்த போயிங் 747 ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கொட்டி முடித்ததும் மறுபடி நிரப்ப நீண்ட ஓடுதளமுள்ள விமான நிலையத்துக்கே அது திரும்பவேண்டும். 2021இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

படங்களில் சிவப்பு மேகம்போல விழுவது வெறும் தண்ணீரல்ல. உரத்தில் சேர்க்கும் அம்மோனியம் பாஸ்பேட் கலந்த கரைசல் அது. எங்கே விழுந்தது என்று விமானிக்குத் தெரிய இரும்பு ஆக்சைடால் நிறமேற்றுகிறார்கள். அதைத் தீயின் தலையில் கொட்டுவதைவிட, தீ வரப்போகும் வழியில் பட்டையாகப் போடுவதே வழக்கம். தண்ணீர் ஆவியாகிவிட்டாலும் இலையிலும் கிளையிலும் படிந்த உப்பு, எரியும் வாயுக்கள் கிளம்புவதைக் குறைக்கும். தீ சுணங்கும், அவ்வளவுதான். அந்த இடைவேளையில் தரையிலிருப்பவர்கள் புதரை வெட்டி, மண்ணைச் சுரண்டித் தீத்தடுப்புக் கோடு போட்டாகவேண்டும். தீக்கங்குகளை மண்வெட்டியால் கிளறி அணைப்பதும் அவர்கள் வேலையே. தரையில் வேலை செய்ய ஆளில்லாத காட்டில் கொட்டிய கரைசல் பெரும்பாலும் வீண்செலவு.

காற்று இன்னொரு வில்லன். எந்தக் காற்று தீயை ஊதி வளர்க்கிறதோ, அதே காற்று விமானங்களைத் தரையில் கட்டிப்போடும். பறந்தாலும் கொட்டிய நீர் குறியை விட்டு விலகிச் சிதறும். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது அதுதான். பாலிசேட்ஸ் பகுதியில் வீடுகள் பற்றியெரிந்த இரவில் சாண்டா ஆனா எனப்படும் பலத்த காற்று விமானங்களைப் பறக்க விடவில்லை.

காற்று தணிந்ததும் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த சிஎல்-415 விமானங்கள் பசிபிக் கடலிலேயே நீர் மொண்டன. ஜனவரி 9 அன்று, அவற்றில் ஒன்றின் இறக்கையில் டிரோன் மோதிக் கைமுட்டி அளவு ஓட்டை விழுந்தது. விமானி பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார். பழுது பார்த்து முடியும்வரை விமானம் கொட்டகையில் கிடந்தது. டிரோனை ஏவியவர், தீ விளைவித்த சேதத்தை வேடிக்கை பார்க்க நினைத்தவர்.