குறைந்த வெளிச்சமும் கூர்ந்த பார்வையும்



நல்ல வெயில், விலையுயர்ந்த கருவி, அசையாது நிற்கும் பொருள் ஆகிய மூன்றும் வாய்த்தால்தான் புகைப்படம் சிறக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் கோவையை அடுத்த நீலகிரியின் முதுமலைக் காட்டில் மா. கிருஷ்ணன் எடுத்த படங்கள் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான கிருஷ்ணன் (1912–1996) இயற்கையியல் எழுத்தாளர். பல பாகங்களை ஒன்றிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுடன், நடந்தும் வளர்ப்பு யானையின் மீதமர்ந்தும் காட்டுக்குள் சென்றார். கருப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார்.

அவருக்கிருந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள்! மரநிழலில் வெளிச்சம் குறைவு. ஒளி போதவேண்டுமென்று கேமராவின் துவாரத்தை அகலத் திறந்தால், முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். ஷட்டரை மெதுவாக இயக்கினாலோ, விலங்கு அசைந்தாலும் போதும், ஏறியமர்ந்த யானை அசைந்தாலும் போதும், படம் கலங்கிவிடும். பிலிம் சுருளிலும் சில படங்களுக்கே இடமுண்டு. ஆகவே, விலங்கின் பழக்கத்தை முன்னரே அறிந்து, அது அசைவற்று நிற்கும் கணத்திற்காகக் காத்திருப்பதொன்றே வழி. வண்ணம் இல்லாமையால் உருவமும் ஒளிநிழலும் மேலோங்கி நின்றன. 1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இடர்ப்பாடு தானாகவே நல்ல படத்தைத் தந்துவிடாது. அது நம்மை நிறுத்துகிறது. நின்றவர் பார்க்கத் தொடங்குகிறார். பயன் அங்கேதான் பிறக்கிறது.

நம் ஊர்ப்புறத்திலேயே இதனைக் காணலாம். மேகம் மூடிய நாளில் ஒளி எங்கும் பரவுவதால், முகத்தில் விழும் கருநிழல் மறைகிறது. வால்பாறைப் பனிமூட்டத்தில் அருகிலுள்ள மரம் கறுத்தும் தொலைவிலுள்ளது வெளுத்தும் தோன்றிப் படத்திற்கு ஆழம் தருகின்றன. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டிலிருந்து மாடுகள் திரும்பும் மாலையில், எதிர்வெயில் பட்டுப் புழுதியே ஒளிர்கிறது.

நம் பாட்டனாருடைய படம் ஒன்றோ இரண்டோதான் வீட்டில் இருக்கும். அதனையே போற்றி வைத்திருக்கிறோம். இன்றோ கைப்பேசியில் ஆயிரம் படங்கள் குவிகின்றன. அவற்றுள் நம் பிள்ளைகள் நாளை எடுத்துப் பார்க்கத் தக்கவை எத்தனை?

அடுத்த மழைநாளில் கைப்பேசியை உள்ளே வைத்துவிடாதீர்கள். நனையாமல் தாழ்வாரத்தில் நின்று, மூன்றே படங்கள் என்று வரையறை செய்துகொண்டு, உங்கள் தாயார் மழையைப் பார்த்திருக்கும் முகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் படத்திற்கு முன் சற்று நேரம் அவரைப் பார்த்திருங்கள்.