சீனி வியாதியும் நோன்பும்

றமழான் பிறந்தால் ஸஹருக்கு எழும்புவது முதல் கஞ்சிச் சட்டி இறக்குவது வரை பெண்கள் தலையில்தான். ஆனால், சீனி வியாதியுள்ள உம்மா தன் குளிசையை எப்போது குடிப்பது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பகல் குளிசையையும் சேர்த்து நோன்பு திறந்ததும் ஒன்றாய் விழுங்குவோர் உண்டு. இது ஆபத்து. நோன்புக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே டொக்டரைக் கண்டு, குளிசை, இன்சுலின் அளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நோன்போடு இருக்கையில் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம். உடனே விரலில் குத்திப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. கருவி 70க்குக் கீழ் காட்டினாலும் 300க்கு மேல் காட்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். ஏறியிருந்தால் டொக்டரிடம் போங்கள். "மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தானே" என்ற பொறுமை இங்கே வேண்டாம். நோயாளி வேறு நாட்களில் நோற்கக் குர்ஆனே (2:185) சலுகை தந்திருக்கிறதே!

ஈத்தம்பழம் ஒன்றிரண்டு போதும். கஞ்சியும் அரிசிதான், ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். ஸஹரைத் தவறவிடாமல் பிந்தி உண்ணுங்கள்.

பெருநாள் வட்டிலாப்பத்தில் சீனி இல்லை, கருப்பட்டிதான் என்று சொல்லி உம்மாவுக்கு இன்னொரு துண்டு வைக்காதீர்கள். கித்துள் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியாகவே ஏறும்.