பத்தாயத்தில் நெல் இல்லை

வீடும் மனசும் – 11

போன வாரம் அடுக்களையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அதையொட்டிய பத்தாயப்புரை. பூதப்பாண்டியில் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றிலும் வெளிச்சம் குறைந்து சாமான் மிகுந்து கிடக்கும் அறை அதுதான்.

பத்தாயம் பார்த்திராத பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஆளுயரத்துக்கு மரப்பலகையில் அடித்த நெற்பெட்டி அது. எங்களுடையது அயனிப் பலகை. மேலே மூடி, அடியில் கையகல வாய். வாய்ப்பலகையை உயர்த்தினால் நெல் தானே சரிந்து கீழே வைத்த ஓலைப்பெட்டியில் விழும். 20 கோட்டை கொள்ளும் என்பார் பாட்டா. நாஞ்சில் நாட்டுக் கணக்கில் 21 மரக்கால் ஒரு கோட்டை.

வருஷத்துக்கு இரண்டு பூ விளைந்த ஊர். கன்னிப்பூ, கும்பப்பூ. ஒவ்வோர் அறுப்புக்கும் முன்னால் பத்தாயம் காலியாக வேண்டும். மிச்ச நெல்லை அள்ளி முற்றத்தில் காயப்போடுவார்கள். சின்ன உருவமாகப் பார்த்து ஒரு பிள்ளையை உள்ளே இறக்குவார்கள். பல வருஷம் அந்தப் பிள்ளை நான்தான். தென்னை வாரியலால் மூலைமூலையாகத் தூத்து, வேப்பிலை பரப்பி, உமித்தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே வெளியே வருவேன். பத்தாயத்தைத் தொட்டால் அதன் பக்கத்தில் இருக்கும் கடவம், சுளவு, சாக்கு எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். அப்படியே பரணும் கட்டிலடியும் ஒதுங்கிவிடும். வீட்டை ஒதுங்க வையுங்கள் என்று யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. வயல் சொன்னது, வீடு கேட்டது.

பிறகு வயல் சொல்வதை நிறுத்திவிட்டது. சில வயல்கள் வீட்டுமனைகளாயின, சிலவற்றில் தென்னையும் வாழையும் வந்தன. நெல் விளைகிற வயலிலும் இயந்திரம் அறுத்துக் கொட்ட, வரப்பிலேயே எடைபோட்டு மூட்டை லாரியில் ஏறிவிடுகிறது. நெல் வீட்டுக்கு வருவதில்லை. பத்தாயம் காலியானது, காலியான பத்தாயத்துக்குள் வேறு பொருட்கள் வந்து சேர்ந்தன. வீடுகளில் அடைசல் பெருகியதற்கு நாம் நிறைய வாங்குகிறோம் என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்க வைத்த ஓர் ஏற்பாடு நம்மை விட்டுப் போயிற்று. அதற்குப் பதிலாக வேறொன்றை நாம் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் நானும் அக்காவுமாகப் பத்தாயத்தைத் திறந்தோம். துணிக்கடைக் கட்டைப்பைகள் 23. மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள். மூன்று மிக்ஸி ஜார். காற்றாடியின் ஒற்றை இறக்கை. கல்யாணப் பத்திரிகைகள் ஒரு சாக்கு. சாமி படம் போட்ட நாள்காட்டிகள், 1990களில் தொடங்கி. சாமி படத்தைக் குப்பையில் எப்படிப் போடுவது என்று ஒவ்வொரு வருஷமும் தயங்கி, தயக்கத்தையே உள்ளே அடுக்கியிருக்கிறோம். அதற்கும் கீழே எவர்சில்வர் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. மொய்யாக வந்தவை. கொடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. ஒரு தூக்குவாளியில் இருந்த பெயரை அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதை ஓரமாக வைத்தாள்.

ஒரு பொருள் வீட்டில் சும்மா கிடப்பதில்லை என்று எனக்கு அப்போது பட்டது. வைத்துக்கொள்வதா, கொடுப்பதா, களைவதா என்று முடிவு செய்யாமல் தள்ளிப்போட்ட ஒரு கேள்வி அதனோடு சேர்ந்து கிடக்கிறது. அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் நம்மை அலுப்பாக்கியது தூசி மட்டுமல்ல. பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளும்தான்.

எங்கள் ஊரில் 'எறி' என்று சொல்வது குறைவு. 'தூரக் களை' என்போம். வயலில் செய்யும் வேலைக்கும் அதே சொல். நெல்லுக்குள் முளைக்கும் புல் வகை ஒன்று உண்டு. கதிர் விடும்வரை நெற்பயிர் போலவே நிற்கும். களையெடுக்கும் பெண்கள் தாளைத் தொட்டு, இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். நெல் என்றால் அங்கே வெள்ளையாகச் சவ்வு போல ஒரு சின்ன நாக்கு இருக்கும். புல்லில் இருக்காது. குனிந்து, தொட்டு, பார்த்து, பிறகுதான் பிடுங்குவது. களையை ஏன் பிடுங்குகிறோம்? அசிங்கமாக இருக்கிறது என்றா? நெல்லுக்குப் போக வேண்டிய உரத்தையும் வெயிலையும் அது பங்கு கேட்கிறது என்றுதான்.

மூளைக்குள்ளும் ஏறக்குறைய இதே பங்குச் சண்டை நடக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி மெக்மெயின்ஸ், சபைன் காஸ்ட்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. கண்ணெதிரே பல உருவங்கள் ஒரே சமயத்தில் நிற்கும்போது, பார்வைக்கான மூளைப்பகுதியில் அவை ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. ஒன்றின்மேல் மட்டும் கவனம் வைக்க வேண்டுமானால் மற்றவற்றை அடக்க மூளை உழைத்தாக வேண்டும். மேஜைமேல் கிடக்கும் பழைய பில், சார்ஜர் வயர், பாதி படித்த புத்தகம், மருந்து அட்டை எல்லாம் நாம் பார்க்காவிட்டாலும் பங்கு கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு வேலையும் செய்யாமலே களைத்துப்போகிறோம் என்றால், அதில் இந்தக் கூலியும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு வீட்டுக்குள்ளேயே போயிற்று. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்கள். அவர்களையே தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, பேச்சைப் பதிவுசெய்து, சில நாட்கள் உமிழ்நீரும் எடுத்தார்கள். கார்டிசால் என்ற பதற்றச் சுரப்பு காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்க வேண்டும். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அடைசல், முடியாத வேலை என்ற பேச்சே மிகுந்திருந்த பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. அடைசல்தான் காரணம் என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை, களைத்த மனசுக்கு வீடும் அப்படித் தெரிந்திருக்கலாம். கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை என்பதுதான் என்னை நிறுத்தியது. வீட்டில் கிடக்கும் ஒவ்வொரு சாமானும் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது என்பதற்கு அது பதில் சொல்கிறது. எங்கள் வீட்டிலும் பத்தாயப்புரை அம்மாவின் பொறுப்பாகத்தான் இருந்தது. நானும் அதை மாற்ற நினைத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், பரணில் இருந்த இரண்டு தகரப்பெட்டிகளையும் காலிசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். திரும்பி வந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"கரம் தீர்வை ரசீது எல்லாம் இதுக்குள்ளதானே மக்கா இருந்து?"

பாட்டா காலம் முதல் நிலவரி கட்டிய ரசீதுகள். தோப்பின் பட்டா விஷயமாக அவை வேண்டியிருந்தன. கடைக்கு ஓடினேன். கட்டு லாரி ஏறிப் போயிருந்தது. அம்மா சத்தம் போடவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் களைந்தது காகிதம் மட்டுமல்ல, இது என் வீடு என்று அவள் கொண்டிருந்த நிச்சயத்தையும்தான். முதியவர்கள் சேர்த்து வைத்ததை அவர்கள் இல்லாதபோது அள்ளிப் போடாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது அந்த மூன்று நாளை வைத்துத்தான். எதையுமே விட முடியாமல் படுக்க இடமின்றிச் சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 முதல் அதைத் தனி நோயாகவே கணக்கில் எடுத்திருக்கிறது. அதற்கு மருத்துவர் வேண்டும். அம்மாவுக்கு இருந்தது அதுவல்ல, ஆபத்து அந்தரத்துக்கு ஆகும் என்ற முன்யோசனை.

பூதப்பாண்டிக்குப் பக்கத்திலேயே அழகியபாண்டிபுரம். அங்கே பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஓலைகள் கிடந்தன. நிலம், வரி, அரசரிடமிருந்து வந்த உத்தரவு, மனிதர்களை அடிமைகளாக விற்ற ஆவணம் எல்லாம் அதில் உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றைப் படித்து எழுதினார், பின்னாளில் அ.கா.பெருமாள் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டின் சில நூற்றாண்டுகள் இன்று நமக்குத் தெரிவது அந்த ஓலைகளால். மாறாக நடந்ததும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையர், அவை ஹோமத் தீயில் இடப்பட்டன என்ற செய்தியைத்தான் கேட்டுத் திரும்பினார். பழைய ஏடு கண்ட இடத்தில் எரிப்பது ஒரு துப்புரவு என்று நினைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தொட்டுப் பார்க்காமல் களைந்தார்கள், அவ்வளவுதான்.

பூதப்பாண்டி என்றால் ஜீவாவைச் சொல்லாமல் முடியாது. 1907 ஆகஸ்ட் 21இல் இங்கே பிறந்த ப.ஜீவானந்தம், 1963 ஜனவரியில் மறையும்வரை உடைமை என்று பெரிதாக எதுவும் சேர்க்காதவர். சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், குடியிருந்தது தாம்பரத்தில் ஒரு குடிசையில். வீட்டைச் சுத்தமாக்குவது பற்றிப் பேசும் கூட்டங்களில் சிலர் அவரை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் இல்லாதவர்களோடு நிற்பதற்காக இல்லாமையைத் தேர்ந்தார், மனநிம்மதிக்காக அல்ல. நாளைக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிற கை இருப்பவர்தான் இன்று தைரியமாகக் களைய முடியும். தார்ப்பாய்த் துண்டையும் தகரத் தகட்டையும் பத்திரப்படுத்துகிற வீட்டில் போய் 'இது அடைசல்' என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. மழை வந்தால் அதுதான் அவர்களுக்குக் கூரை.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காலையில் தேயிலை குடித்த பிறகு அரை மணி நேரம், அதற்குமேல் இல்லை. முடிவெடுப்பதும் உடலுழைப்பைப் போலவே ஆளைச் சலிக்கவைக்கும், சலித்த பிறகு எடுக்கும் முடிவு எல்லாமே 'கெடக்கட்டும்' என்றுதான் வரும். அம்மா நாற்காலியில். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைப்பாள். அம்மா சொல்வதை நான் செய்வேன். முதல் நாள் 11 பொருட்களுக்கு அரை மணியும் போயிற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. கதை சொல்லி முடித்ததும் பெரும்பாலும் அவளே, "செரி, தூரக் களை" என்றாள். சொல்ல ஆள் இல்லாததால்தான் இத்தனை நாள் வைத்திருந்தாளோ என்று அக்கா அன்று ராத்திரி என்னிடம் கேட்டாள்.

பெயர் வெட்டிய பாத்திரங்கள் பாத்திரக்கடைக்குப் போயின, அந்தத் தூக்குவாளி தவிர. நாள்காட்டிச் சாமிகளைப் படம் மட்டும் வெட்டி எடுத்து, தென்னை மூட்டில் குழி தோண்டி அம்மாவே வைத்தாள். பின்கட்டில் கவிழ்க்காமல் கிடந்த சிரட்டைகளைப் பொறுக்கியபோது இரண்டில் தண்ணீரும் புழுவும். ரப்பர்பால் எடுக்கச் சிரட்டை கட்டும் ஊர்ப்பக்கம் இது, கீரிப்பாறை தொலைவில்லை. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் அம்மாவின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

மொத்தம் 19 நாள். பெரிய மாற்றம் என்று என்னால் சொல்ல முடிந்தது இரண்டு. அம்மா ராத்திரி எழுந்து போகும் வழியில் இப்போது காலில் ஒன்றும் தட்டுவதில்லை. உலக அளவில் விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்தபடியாக உயிர் வாங்குவது தவறி விழுவதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 78 வயதில் நிலைப்படி தாண்டுகிறவளுக்கு வெறும் தரையைவிடப் பெரிய மருந்து வேறென்ன? இன்னொன்று, பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு சன்னல் இருந்தது. நாங்கள் மறந்தே போயிருந்தோம். திறந்ததும் தாடகை மலையின் தோள் தெரிந்தது. நான் அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுந்து போகாமல் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் எழுதியது எனக்கு அண்மையில் நினைவில்லை.

கடைசியில் மிஞ்சியது பத்தாயம். நாகர்கோவிலில் இருந்து பழைய மரச்சாமான் வாங்கும் ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. பாட்டாவின் கை பட்டது, நான் உள்ளே இறங்கித் தூத்தது. அம்மா பலகையைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது, சிதல் ஏறவில்லை.

"நெல்லு வராத பத்தாயம் என்னத்துக்கு மக்கா? சும்மா கெடந்தா நீங்க மறுபடியும் எதையாவது கொண்டு அடைப்பிய" என்றாள். பிறகு, "விக்கவும் வேண்டாம். ஆசாரியக் கூப்பிடு. பிரிச்சு, இந்தச் சன்னலுக்குக் கீழ எனக்கு ஒரு பெஞ்சு அடிக்கச் சொல்லு. கால நீட்டி இருந்து அரிசி பொறுக்கணும்."

ஆசாரி புதன்கிழமை வருகிறார்.

(தொடரும்)