கடை மூடிய பிறகு திறக்கும் நோட்டு

தீபாவளி சீசனில் துணிக்கடைகளில் இரவு பத்து மணிக்கும் கூட்டம் குறையாது. அதே நாட்களில்தான் கல்லூரியில் இன்டர்னல் முடிந்து, நவம்பர் செமஸ்டர் தேர்வு நெருங்கும். காலையில் வகுப்பு, மதியத்திலிருந்து கடையில் நின்றபடி வேலை, வீடு திரும்பிய பிறகு நோட்டு என்று ஓடுகிற பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையவே உண்டு. "இன்னும் ரெண்டு மாசம்தானே, தூக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று வீட்டிலும் வெளியிலும் அவர்களுக்குச் சொல்கிறோம். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் மூளையைப் பற்றித் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால், அவர்களுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் 48 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. இரவுக்கு 8 மணி நேரம் தூங்க ஒரு பிரிவினருக்கு அனுமதி. மற்றொரு பிரிவினருக்கு 6, இன்னொரு பிரிவினருக்கு 4. இப்படியே 14 நாட்கள். வேறு சிலரை 3 இரவுகள் தூங்கவே விடவில்லை. எல்லோருடைய கவனத்தையும் நினைவையும் பகல் முழுவதும் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வாரம் முடிந்தபோது, ஓரிரு இரவுகள் முழுக்கக் கண்விழித்தவர்கள் எவ்வளவு தடுமாறினார்களோ அவ்வளவு தடுமாறினார்கள்.

இந்த ஆய்வில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இன்னொரு முடிவு. 'இப்போது எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?' என்று கேட்டபோது, குறைவாகத் தூங்கியவர்கள் சொன்ன அளவு முதல் சில நாட்களில் ஏறி, பிறகு கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது. திறன் இறங்கிக்கொண்டே போனது அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்குப் பழகிடுச்சுண்ணே" என்று துணிக்கடைப் பையன் சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. தன் களைப்பை அளக்க வேண்டிய மூளையே களைத்திருக்கிறது.

தூங்கும் நேரத்தில் படிப்பு நின்றுபோவதும் இல்லை. 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், மனப்பாடம் செய்த பிறகு விழித்திருந்தால் மறப்பதைவிடத் தூங்கினால் குறைவாக மறப்பதைக் கண்டார்கள். காரணத்துக்கான வலுவான தடயம் 1994இல் எலிகளிடம் கிடைத்தது. ஹிப்போகேம்பஸ் என்பது புதிய நினைவுகள் முதலில் பதியும் மூளைப் பகுதி. எலி ஓரிடத்தில் திரிந்தபோது ஹிப்போகேம்பஸில் சேர்ந்து துடித்த செல்கள், அது தூங்கியபோது மறுபடியும் சேர்ந்து துடித்ததை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள். பகலில் பெற்ற அனுபவத்தை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. இந்த ஓட்டத்தின் வழியே நினைவுகள் மூளையின் வெளி அடுக்கான புறணியில் நிலைபெறுகின்றன என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரவு ஒரு மணிவரை படித்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால், படித்தது பதியும் நேரத்தையே வெட்டுகிறோம்.

சரி, தூங்கிவிட்டால் எப்போது படிப்பது? கிடைக்கும் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில் இதற்குப் பெரும்பாலும் விடை இருக்கிறது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை நான்கு தவணை படித்தார்கள். வேறு சிலர் ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று தவணை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போவதால் தெரிந்துவிட்டது போலவே இருக்கும். அந்த நம்பிக்கை தேர்வு அறை வரை வருவதில்லை. தேடி எடுக்கத் திணறும்போதுதான் நினைவு இறுகுகிறது. இதற்கு மேசையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பஸ்ஸில் நின்றபடியே காலையில் நடந்த பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம். வராத இடத்தை மட்டும் வீட்டுக்குப் போய்ப் புரட்டினால் போதும்.

டீயைப் பற்றியும் ஒரு சொல். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் தூக்கத்தை வரவழைக்கிறது. அடினோசின் அமரும் இடங்களை டீயில் உள்ள காஃபின் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், அடினோசின் குறைவதில்லை. குடித்த காஃபினில் பாதி கரைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கடை மூடும் முன் ஒன்பது மணிக்குக் குடித்த டீயின் காஃபினில் பாதி, இரவு இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

ஞாயிறு முழுக்கத் தூங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தையும் டிங்கஸ் குழுவே சோதித்தது. ஐந்து இரவுகள் 4 மணி நேரமே படுத்தவர்களை அடுத்த இரவு 10 மணி நேரம் படுக்கவிட்டும், கவனம் முழுதாகத் திரும்பவில்லை. அதனால் தேர்வன்று மட்டும் லீவு கேட்பதில் பெரிய பயன் இல்லை. தேர்வுக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் இரவு எட்டு மணிக்கே வீட்டுக்குப் போக விடும்படி முதலாளியிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகு வரும் நாட்கள்தானே அவை. விடுவதில் கடைக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது.